காகிதம் இல்லாத இரண்டு கடன்கள்

1

விவாகரத்தில் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்காத சொந்தக்காரர் திருவண்ணாமலையில் எனக்கு யாரும் இல்லை. வீடு உன் பேருக்கு வந்ததா, மாதா மாதம் பணம் தருகிறானா, சீமையில் கோர்ட்டு எல்லாம் பொம்பளை பக்கம்தானாமே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கடன். அதுவும் நானே கேட்டு வாங்கிக்கொண்டது. இதைச் சொன்னால் பாவம், படித்தும் பிழைக்கத் தெரியாதவள் என்று உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கோ அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. ஏன் என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதத் தூண்டியது ரேவதி. இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் பின்னலாடைத் தொழிற்சாலையில் பட்டன் வைக்கும் பிரிவில் இருக்கிறாள். வேலூர்ப் பக்கத்துப் பெண், புருஷனை விட்டுப் பிரிந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வீட்ட எப்படிப் பிரிக்கணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. கடன எப்படிப் பிரிக்கிறதுன்னுதான் புரியல. நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மணி அடித்துவிட்டது. இந்த நாட்டில் டீ நேரம் அவ்வளவுதான். அவளுக்கு அப்போது சொல்ல முடியாததை இப்போது ஊருக்கே சேர்த்துச் சொல்கிறேன்.

2

சேகரை எனக்குக் கட்டிவைத்தது எழுபதுகளின் நடுவில். பெரிய தெருவில் காதர் பாயின் ஜவுளிக்கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தபோது இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் வாங்கப் பணம் இல்லை. காதர் பாய்தான் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சேகர் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

"எழுத்தெல்லாம் எதுக்குப்பா? நீ ஓடிப்போனா உங்க அக்கா சரோஜா இங்கதான இருக்காங்க, அவங்களப் புடிச்சுக்கறேன்."

அதில் பாதிக்கு மேல் அடைத்தோம். மீதி அப்படியே நின்றுபோனது. இது காகிதம் இல்லாத முதல் கடன்.

இரண்டாவது கடன் கொஞ்சம் பெரிய இடத்தில் வாங்கியது. கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தபோது இரண்டு பேரும் அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டு, உண்ணாமுலை அம்மன் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டோம். பிள்ளை பிறந்தால் தீபத் திருவிழாவில், பெரிய தேர் ஓடும் நாளில், கரும்புத் தொட்டில் கட்டி மாட வீதி சுற்றி வருகிறோம் என்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் போட்டு, ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு பெற்றவர்கள் நடப்பார்கள்.

அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். அம்மன் பெயரையே கொஞ்சம் மாற்றி உண்ணாமலை என்று வைத்தோம். வீட்டில் உண்ணா. இங்கே பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அவளை 'ஊனா' ஆக்கிவிட்டார்கள். அது இந்த ஊரில் இருக்கும் பெயர்தானாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளில்கூட இரண்டு ஊனாக்கள் அவள் பள்ளியில் உண்டு. அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குத்தான் உடம்பில் ஏதோ குறை இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

தொட்டில் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கார்த்திகையில் லீவு கிடைக்காது. கிடைத்தால் காசு இருக்காது. அப்புறம் சேகர் பஸ் வேலையை விட்டுவிட்டு வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்தார். அது இரண்டு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது, பிறகு எங்களையே சாப்பிட்டது. கடை மூடும்போது எங்கள் குடித்தனமும் மூடிக்கொண்டது. காரணம் கேட்காதீர்கள். அவர் கெட்டவர் இல்லை, நானும் இல்லை. ஒரே கூரைக்குள் எங்களால் முடியவில்லை.

3

என் வக்கீலம்மா நல்ல மனுஷி. முதல் நாளே, "உங்கள் கடன்களை எல்லாம் சொல்லுங்கள், எதையும் விடாதீர்கள்" என்றார். விடாதே என்றால் நான் விடுவேனா?

வீட்டுக் கடன், கடைக்கு வாங்கிய வங்கிக் கடன் இரண்டையும் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அடுத்தது சீட்டு. இங்கே இருக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஏலச்சீட்டை நான் முன்னாடியே எடுத்துவிட்டேன், பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? சீட்டு என்றால் கார்டுதானே என்று நினைத்து, "மாதா மாதம் கார்டுக்குப் பணம் கட்டுகிறேன்" என்றேன்.

"எந்தக் கார்டு?" என்றார்.

"நாங்கள் பெண்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுவோம். எல்லாரும் பணம் வைப்போம். யாராவது ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போவாள்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருடமாக இந்தப் பழக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊரிலிருந்தே. எங்கம்மாவும் போட்டாள்."

பரம்பரைச் சூதாடி என்று அவர் எழுதுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. அதைச் சரிசெய்யவே அரைமணி நேரம் போனது. வேறு ஏதாவது உண்டா என்றார். நேர்த்திக்கடன் உண்டு என்றேன். அந்தச் சொல்லிலேயே கடன் இருக்கிறதே, நான் எப்படி விடுவது?

"யாருக்குத் தர வேண்டும்?"

"அண்ணாமலையாருக்கு."

"முகவரி?"

"சன்னதித் தெரு, திருவண்ணாமலை."

எழுதிக்கொண்டார். "இருவரும் சேர்ந்து வாங்கியதா?" ஆமாம் என்றேன். "வட்டி கேட்கிறாரா?" இதுவரை கேட்கவில்லை என்றேன். என் மேல் சத்தியமாக, அந்த நிமிஷம் எனக்கு இதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து சேகரிடமிருந்து போன் வந்தது. அவருடைய வக்கீல், யார் இந்த மிஸ்டர் அண்ணாமலையார், இவரைப் பற்றி நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கினாராம்.

"ஏன் சுலோ, சாமியக் கோர்ட்டுக்கு இழுத்துட்டியா?" என்றார். பிரிந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

4

ரேவதி, உனக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

வக்கீல்கள் பிரிப்பது கையெழுத்தைப் பார்த்து. நாங்கள் பிரித்தது வேறு மாதிரி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். உண்ணா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடனாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: இது யாருக்காக வாங்கியது?

சும்மா பிரிந்துவிடவில்லை. நன்றாகச் சண்டை போட்டோம். கடைக் கடனில் கையெழுத்துப் போட எனக்கு அன்றைக்கே இஷ்டமில்லை. ஆனால் அந்தக் கடை வருமானத்தில் இரண்டு வருஷம் நானும் சாப்பிட்டேன், புதுக் கோட்டு வாங்கினேன். ஆகவே அதில் பாதி என்னுடையது என்றேன். என் அண்ணன் வீடு கட்டுவதற்காக எடுத்த சீட்டுப் பாக்கி முழுக்க என்னுடையது. சேகர் சினேகிதர்களோடு உட்கார்ந்து ஆடிய சீட்டுக்கு வாங்கிய கடன் முழுக்க அவருடையது. அதில் ஒரு காசு தர மாட்டேன் என்றேன். அந்தச் சீட்டு வேறு, இந்தச் சீட்டு வேறு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடனை ஜட்ஜ் எப்படிப் பிரித்தாலும் வங்கிக்காரனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒருத்தர் கட்டாவிட்டால் அடுத்தவர் கதவைத்தான் தட்டுவான். அதனால் கடைச் சாமான்களை விற்று வந்ததைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஆளுக்கொரு தனிக் கடனாக மாற்றிக்கொண்டோம். நீயும் அதைச் செய்.

கடைசியில் காகிதம் இல்லாத இரண்டும் நின்றன. கோர்ட் இவற்றைத் தொடாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். பாய் பாக்கியைத் தானே கொடுத்துவிடுவதாகச் சேகர் சொன்னார். நானும் அந்தப் பணத்தில்தானே பறந்து வந்தேன், பாதி என்னுடையது என்றேன். ஒத்துக்கொண்டார். அண்ணாமலையாரிடம் வந்தபோதுதான் மனுஷன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அது கடனா சுலோ? வேண்டுதல். பிரிஞ்சவங்க சேந்து தொட்டில் தூக்கினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. வேண்டிக்கும்போது ஊரையா கேட்டோம்?"

"உங்க அண்ணன் ஒரு பக்கம் புடிக்கட்டும். யார் புடிச்சா என்ன?"

"எங்க அண்ணனா வேண்டிக்கிச்சு? உங்க பாதிக்கு நீங்கதான் வரணும். ஒரு ஆளா எப்படிங்க தொட்டில் தூக்கறது?"

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயமெல்லாம் இல்லை. அவருக்கு எங்களைவிட்டால் வேறு வேலை இருக்கிறது. என் பயம் வேறு. மற்றக் கடன்களைக் கட்டாவிட்டால் ஆள் வருவான், நோட்டீஸ் வரும். இந்த ஒன்றைக் கட்டாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத இடத்தில் இந்த மனுஷன் மகளுக்காக வந்து நிற்பாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதற்கு வராதவர் நாளைக்கு அவள் படிப்புக்கு வருவாரா, கல்யாணத்துக்கு வருவாரா? தீர்ப்புக் காகிதம் எனக்கு அதைச் சொல்லாது.

உண்ணாவும் அந்தச் சண்டையில் பாதியைக் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் அப்போதே நழுவ ஆரம்பித்திருந்தது. படுக்கப் போகும்போது, "அம்மா, நமக்கு எத்தனை கடல் இருக்கு?" என்று கேட்டாள். கடல் இல்லடி, கடன் என்று திருத்தினேன். அதற்கு அர்த்தம் என்ன என்றாள். ஒருத்தர் நம்மை நம்பிக் கொடுத்தது என்றேன். அதைவிட நல்ல அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

5

தீர்ப்பு வந்த அந்தக் கார்த்திகைக்கே டிக்கெட் எடுத்தேன். நாள் இன்னது, தேர் இன்னது என்று சேகருக்குச் சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

செங்கம் ரோட்டில் அண்ணன் வீட்டில் தங்கினோம். உண்ணா வாசலில் நின்று, ஆசிரமத்துக்குப் போகும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து, "நம்ம ஊர்க்காரங்க" என்று கை ஆட்டினாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் என் பங்குப் பணத்தை எடுத்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். திருவிழாக் கூட்டத்தில் கடை நிரம்பி வழிந்தது. பாய் என்னைப் பார்த்ததும் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"வாம்மா சுலோச்சனா. நீயும் வந்துட்டியா?"

அந்த 'நீயும்' என் காதில் விழுந்தது. "வேற யாரு பாய் வந்தாங்க?"

"காலையில சேகர் வந்துட்டுப் போச்சே. பாதிய வச்சுட்டு, மீதிய சுலோ தரும்னு சொன்னுச்சு. நான் சும்மா சீண்டிப் பாக்கலாம்னு, அது தரலைன்னா யாரக் கேக்கறதுன்னேன். 'தரும் பாய். தரலைன்னா எங்கிட்ட வாங்கிக்கோங்க'ன்னுச்சு."

பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "நானும் அதையே சொல்லலாம்னுதான் வந்தேன் பாய். அவரு தரலைன்னா எங்கிட்ட வாங்கிக்கோங்கன்னு."

பாய் பணத்தை எண்ணவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. இவ்ளோ ஒத்துமையா இருக்கறவங்க எதுக்குப் பிரிஞ்சீங்க? சீமையில பிரியறதுக்குக்கூட ஒத்துமை ஜாஸ்தியா வேணுமோ?"

நான் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன். சேகர் ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் பாய்க்குத் தர வந்தாரா, தொட்டிலுக்கும் வந்தாரா என்பது இன்னும் தெரியவில்லை. அவருடைய அக்கா சரோஜா அண்ணி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இது கேட்டு வாங்குகிற கடன் இல்லை.

6

தேர் அன்று காலையில் தூறல். தேரடித் தெருவில் கரும்புக் கட்டுகள் சுவர் உயரத்துக்குச் சாத்தியிருந்தன. தொட்டில் கட்ட வேண்டும், நல்ல கரும்பாகக் கொடுங்கள் என்றார் அண்ணன்.

"கொழந்த எங்க?" என்றார் கரும்புக்காரர்.

அண்ணன் உண்ணாவைக் காட்டினார். ஆறு வயசுப் பெண், காலில் பூட்ஸ், தலையில் குல்லா. கரும்புக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா? இது பள்ளிக்கூடம் போற பொண்ணாச்சே! ரெண்டு கரும்பு தாங்காதும்மா. அஞ்சு ஆறு சேத்துக் கட்டணும். இத்தினி நாளு எங்க போயிருந்தீங்க?"

நாங்கள் போயிருந்த இடத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல், "ஆறாவே கட்டுங்க" என்றது. சேகர். வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். கூடவே சரோஜா அண்ணி. சேகர் என் பக்கம் திரும்பாமல் கரும்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் பார்த்தபோதுகூட அவரைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மஞ்சள் புடவையில் உண்ணாவை உட்கார வைத்தோம். கால் இரண்டும் வெளியே தொங்கின. கூட்டம் சிரித்தது. ஒரு வெள்ளைக்காரர் போட்டோ எடுத்தார். அவள் அப்பாவிடம், ஏன் என்னைத் தூக்குகிறீர்கள், எனக்கு நடக்கத் தெரியுமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தமிழில் சொன்னார்.

"உன்னக் குடுத்ததுக்கு நானும் அம்மாவும் தரவேண்டிய கடன்டா. ஆடாம உக்காரு."

அவர் முன்னால், நான் பின்னால். சேகர் என்னைவிட ஒரு தலை உயரம். நாலு அடி வைப்பதற்குள் தொட்டில் சரிந்து என் பக்கம் வந்துவிட்டது. பாரம் முழுக்க என் தோளில். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், முடியவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வராது. கொஞ்ச தூரத்தில் சரிவது நின்றது. முடிச்சு இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திருவூடல் தெருவுக்குள் திரும்பினோம். சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே ஒரு தெருவை வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. தை மாதம் இங்கேதான் ஊடல் நடக்கும், மறுநாள் மறுவூடல், இரண்டு பேரும் சமாதானமாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்களில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வதைப் பார்த்தேன். பக்கத்திலேயே நடந்து வந்த சரோஜா அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வரவில்லை. தலையை நிமிர்த்தி நடந்தேன். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

பேகோபுரத் தெருவில் கூட்டம் கொஞ்சம் விலகியது. அப்போதுதான் முன்னால் போகிறவரை முழுசாகப் பார்த்தேன். சேகர் முழங்காலை மடக்கி நடந்துகொண்டிருந்தார். தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைகிறவர் மாதிரி, வேட்டி தரையில் புரள, என் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டு. முடிச்சு இறுகியதால் இல்லை, அதனால்தான் தொட்டில் நடுவிலேயே நின்றது. எப்போது ஆரம்பித்தாரோ தெரியாது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றிலும் தேங்காய் ஓட்டிலும் கால் வைத்து, பெரிய தெரு முழுவதும் அப்படியே நடந்தார்.

இந்த மனுஷனோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. அது அன்றைக்கும் எனக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் என் மகளுக்கு அப்பாவாக நான் சரியான ஆளைத்தான் வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் மேல் பெருமை, என் மேல் பெருமை, ஆறு வயசில் தொட்டிலில் உட்கார்ந்து ஊரையே வேடிக்கை பார்த்த அந்தக் குல்லாக்காரி மேல் பெருமை.

ராஜகோபுரத்தின் முன்னால் தொட்டிலை இறக்கினோம். உண்ணா குதித்து ஓடி என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். சேகர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். சரோஜா அண்ணிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே கேட்டுவிட்டார்.

"அண்ணாமலையாரு கண்ணத் தொறந்துட்டாரு. சேந்துட்டீங்க, இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் சேகர் முந்திக்கொண்டார்.

"சேரலக்கா. தீத்துட்டோம்."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் மனதில் நினைத்ததை அவர் அப்படியே சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்.